கடைசிச் சொல்லை அவள் சொல்லட்டும்

கிம்ஜே
9 அக்டோபர் 1982

ஹேரன் அப்பாவுக்கு,

ஹேரன் உயிரோடு இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதை உட்கார்ந்து படியுங்கள்.

ஆகஸ்டு கடைசியில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. இந்த வருஷம் நம் பக்கத்து வயல்களில் கொசு அதிகம். பல வீடுகளில் பிள்ளைகள் விழுந்தார்கள். காலையில் தலை வலிக்கிறது என்றாள், சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. உங்கள் அண்ணன் டாக்ஸி பிடித்து ஜோன்ஜு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பல நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண்ணைத் திறந்தபோது என்னைத்தான் பார்த்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்போதே உங்களுக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்றேன். உங்கள் அண்ணன்தான், "உயரத்துல நின்னு வெல்டு வைக்கிறவன். இதைக் கேட்டா கை நடுங்கிக் கீழ விழுந்துருவான். பிள்ளை பொழைக்குதான்னு பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். சூசோக் திருநாளுக்கு எழுதிய கடிதத்தில் எல்லோரும் நலம் என்றது பொய்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். கஞ்சி ஊட்டினால் விழுங்குகிறாள். பேச்சு இல்லை. ஐந்து வயதில் தெருவில் யாரையும் பேசவிடாதவள் இப்போது அம்மா என்றுகூடக் கூப்பிடுவதில்லை. எப்போது பேசுவாள் என்று டாக்டரைக் கேட்டேன். சின்ன வயசுக்காரர். என் முகத்தைப் பார்க்காமல், "இருக்கறது போகாம பாத்துக்குங்கம்மா" என்றார்.

நீங்கள் உடனே கிளம்பி வர வேண்டாம். பாதியில் விட்டு வந்தால் கம்பெனி என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன்.

ஹேரன் அம்மா


சவூதி, கட்டுமான முகாம்
2 நவம்பர் 1982

ஹேரன் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. எனக்கு மேல்கட்டிலில் படுக்கும் தக் என்பவன்தான் போர்மேனிடம் எனக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிச் சமாளித்தான். அண்ணன் மேல் உள்ள கோபத்தை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். உன் மேல் உள்ளதை இப்போதே சொல்கிறேன். என் பிள்ளை சாகக் கிடந்தபோது நான் இங்கே சீட்டாடிக்கொண்டிருந்தேன். அப்படி ஆக்கிவிட்டாய்.

சரி. நடந்தது நடந்துவிட்டது. இனிமேல் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

நான் கிளம்பும் முன் அவளைத் தேவாலயத்து மழலைப் பள்ளியில் சேர்க்கப் போனோமே, அங்கே பியோ டீச்சர் சொன்னது நினைவிருக்கிறதா? "பாட்டு வெறும் விளையாட்டு இல்லீங்க. தாளம் சொல்லை இழுத்துட்டு வரும். ஒரு சொல்லு வந்தா அதைப் பிடிச்சு அடுத்ததைக் கேக்கலாம். பிள்ளைங்க ஞாபகம் வச்சுக்கவும் யோசிக்கவும் அப்படித்தான் பழகுதுங்க." அன்று நான் சிரித்தேன். இப்போது இரவும் பகலும் அதே நினைப்பு.

ஹேரனுக்குப் பிடித்த தவளைப் பாட்டை எடுத்துக்கொள்.

தவளையாரே தவளையாரே, எங்கே போனீர்?
தண்ணீர் மொள்ளக் குளத்துக்குத்தான் போனேன்.
குடத்துக்குள்ளே என்ன கொண்டு வந்தீர்?
குளத்தில் கிடந்த குட்டி நிலா.

இதைக் கேட்டுவிட்டு அவள் என்ன கேட்டாள்? "நிலா குடத்துக்குள்ள இருக்குன்னா, அப்ப வானத்துல இருக்கறது யாரு?" நீகூடக் களத்தில் நின்ற பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய். அப்படி யோசித்த தலை ஒரு காய்ச்சலில் காலியாகிவிடுமா? வழி அடைத்துப் போயிருக்கும், அவ்வளவுதான். டீச்சரைப் போய்ப் பார். பாட்டிலிருந்து தொடங்கு. நாள் தவறாமல் செய்.

அவள் அப்பா


கிம்ஜே
11 டிசம்பர் 1982

ஹேரன் அப்பாவுக்கு,

குளிர்காலத்துக்கான கிம்சி ஊறுகாய் போட்டு முடித்தோம். இந்த வருஷம் முட்டைக்கோஸ் நல்ல கெட்டி. உங்களுக்கு இது தேவையில்லாத செய்தி, ஆனால் என் கை எரிச்சல் இன்னும் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டீச்சரைப் பார்த்தேன். ஹேரனைக் கண்டதும் முதலில் அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மற்றப் பிள்ளைகள் போன பிறகு அழைத்துவரச் சொல்லியிருக்கிறாள். ஹேரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பாடுகிறாள். தவளைக்குக் கையைத் தட்ட வேண்டும், குடத்துக்கு வளைக்க வேண்டும், நிலாவுக்கு மேலே தூக்க வேண்டும். எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். "அவசரப்படாதீங்க. எல்லாத்தையும் நீங்களே பாடிறாதீங்க. கடைசிச் சொல்லை அவ சொல்லட்டும், அதுக்கு முன்னாடி நிறுத்திட்டுக் காத்திருங்க."

காத்திருக்கிறேன். குளத்தில் கிடந்த குட்டி என்று நிறுத்துகிறேன். அவள் சுவரைப் பார்க்கிறாள். வாயோரம் எச்சில் வழிகிறது. துடைக்கிறேன். மறுபடி தவளையாரே. முந்தாநாள் நான் அப்படி நிறுத்தியதும் பக்கத்து வீட்டிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்த உங்கள் அண்ணி அடுக்களையிலிருந்து, "நிலா" என்று கத்தினாள். பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்டுக் கேட்டு இந்தத் தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஹேரனுக்கு மட்டும் இல்லை.

தினமும் செய் என்று எழுதுவது சுலபம். மூச்சு முட்டுகிறது. ஆனால் செய்கிறேன்.

ஹேரன் அம்மா


சவூதி
6 பிப்ரவரி 1983

ஹேரன் அம்மாவுக்கு,

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் ஒருவரிடம் டேப் ரெக்கார்டரும் ஒரு கேசட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கேசட்டில் என் குரல் இருக்கிறது. சிரிக்காமல் கேள்.

பதிவு செய்தது பெரிய கூத்து. வெள்ளிக்கிழமை விடுமுறை. அறையில் இருந்தவர்களையெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொன்னேன். தவளையாரே என்று ஆரம்பித்ததும் தக் மேல்கட்டிலிலிருந்து தவளை மாதிரியே கத்திவிட்டான். "பிள்ளைக்கு நெஜத் தவளை வேணாமா?" என்றான். அதையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். அவளுக்குப் பிடிக்கும்.

டீச்சர் சொன்னபடி கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். மனதுக்குள் ஒரு மூச்சு இழுத்து விட்டுத்தான் அடுத்த தடவை ஆரம்பிக்கிறேன். அந்த இடைவெளி அவளுக்கு. அதில் நீ எதுவும் பேசாதே, அண்ணியையும் பேசவிடாதே.

என் குரல் அவளுக்கு மறந்திருக்காது. நான் கிளம்பிய அன்று பேருந்தின் ஜன்னல் வழியாக இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இங்கே வேலையில் மனம் ஓடுகிறது. வெல்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டே பாடுகிறேன். முகமூடிக்குள் பாடினால் யாருக்கும் கேட்காது.

அவள் அப்பா


கிம்ஜே
18 ஏப்ரல் 1983

ஹேரன் அப்பாவுக்கு,

சொல்லிவிட்டாள்.

நேற்றுக் காலை. நான் பீன்ஸ் முளை அலசிக்கொண்டிருந்தேன். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடாத நேரம் இப்போது இந்த வீட்டில் இல்லை. குளத்தில் கிடந்த குட்டி என்று நீங்கள் நிறுத்தியதும், பின்னாலிருந்து "நிலா" என்று கேட்டது. உங்கள் அண்ணி என்று நினைத்து வைவதற்குத் திரும்பினேன். அண்ணி வீட்டில் இல்லை. ஹேரன் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த தடவை நீங்கள் நிறுத்தியபோதும் சொன்னாள். குரல் கொஞ்சம் கட்டையாகியிருக்கிறது. ஆனால் அவள் குரல்தான்.

அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். 

இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கு நல்ல கடிதமாக இருக்கும். ஆனால் பார்த்ததை எழுத வேண்டும் இல்லையா. டீச்சர் பாடியபோது அவள் சொல்லவில்லை. நான் பாடினாலும் சொல்வதில்லை. கேசட்டுக்கு மட்டும்தான் சொல்கிறாள். அப்புறம், மதியம் பசிக்கிறதா என்று கேட்டேன். நிலா என்றாள். உன் பேர் என்ன என்றேன். நிலா என்றாள். பாயை நனைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டும் நிலா என்றாள்.

டீச்சர் ஒன்று செய்து பார்த்தாள். பாட்டை மாற்றி, குளத்தில் கிடந்த குட்டி நாய் என்று பாடினாள். முன்பெல்லாம் இப்படிப் பாடினால் ஹேரன் விழுந்து விழுந்து சிரிப்பாள், தப்பு தப்பு என்று டீச்சர் வாயைப் பொத்துவாள். இப்போது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "போகப் போகப் பார்ப்போம்" என்றாள் டீச்சர். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, டாக்டர் மாதிரியே.

ஹேரன் அம்மா


சவூதி
15 மே 1983

ஹேரன் அம்மாவுக்கு,

முகாம் முழுக்கச் சொல்லிவிட்டேன். சமையற்கூடத்துக்காரர் எனக்காக அரிசிமாவில் ஏதோ இனிப்புக் கிண்டிக் கொடுத்தார். இங்கே சாராயம் கிடையாது என்பதால் எல்லோரும் பார்லித் தண்ணீரைத் தூக்கிப் பிடித்து நிலாவுக்கு என்று குடித்தோம். தக் அழுதுவிட்டான். அவனுக்கும் மூன்று பெண்கள்.

பார்த்தாயா? நான் சொன்னேன், வழிதான் அடைத்திருக்கிறது என்று. எல்லாவற்றுக்கும் நிலா என்கிறாளே என்று நீ கவலைப்படுகிறாய். குழந்தை முதலில் பேசப் பழகும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தானே சொல்லும்? நாயும் மாடும் பூனையும் அவளுக்கு ஒரு காலத்தில் பவ்பவ்தான். மறந்துவிட்டாயா?

இந்தத் தடவை இரண்டு கேசட் அனுப்புகிறேன். விரல்களை மடக்கும் பாட்டு ஒன்று. மரத்தில் வந்து உட்காரும் காக்கைகளை எண்ணும் பாட்டு ஒன்று, இதை நானே கட்டினேன், சிரிக்காதே. தவளைப் பாட்டில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தப்பாகப் பாடியிருக்கிறேன். ஒரு நாள் திருத்துவாள். எட்டு வயதில் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றால் நமக்கு நேரம் அதிகம் இல்லை.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிவிட்டேன். சியோலில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும். முன்கூட்டி உன்னிடம் கேட்கவில்லை என்று வருத்தப்படாதே.

அவள் அப்பா


கிம்ஜே
27 ஆகஸ்டு 1983

ஹேரன் அப்பாவுக்கு,

ஜூலை மழையில் வலிப்பு திரும்ப வந்தது. ஜோன்ஜுவில் மாத்திரையைக் கூட்டினார்கள். அதைப் போட்டால் தூங்குகிறாள், போடாவிட்டால் கண் மேலே செருகிக்கொள்கிறது. விழித்திருக்கும் கொஞ்ச நேரம் டேப் ரெக்கார்டரிடம் போகிறாள். விரல் பாட்டு, காக்கைப் பாட்டு எதுவும் ஏறவில்லை. உங்கள் தப்புகளை அவள் திருத்தவில்லை. ஹேரன் அப்பா, நீங்கள் எங்கே நிறுத்தினாலும் அவள் நிலா என்றுதான் சொல்கிறாள். அண்ணி இருமினாலும் இருமல் நின்றதும் சொல்கிறாள். அது பேச்சு இல்லை. நான் தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியும்.

பியோ டீச்சரும் வந்தாள். ஹேரன் இனிப் பள்ளிக்கு வரக் கூடாது என்று மற்றப் பெற்றோர் கூடிப் பேசினார்களாம். செவ்வாய் வெள்ளியில் பிள்ளைகள் போன பிறகுதானே வருகிறோம் என்றால், "அந்தப் பிள்ளை தொட்ட மேளத்தை எங்க பிள்ளை தொடணுமா?" என்று ஒருத்தி கேட்டாளாம். டீச்சர் வேலையை விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான்தான் வேண்டாம் என்றேன். வாசலில் நின்று சொன்னாள், "அக்கா, நான் படிச்சதெல்லாம் வளர்ற பிள்ளைங்களுக்கு. வளர வேண்டிய இடத்துல ஒரு தூறல் போட்டா போதும்னு சொல்லிக்கொடுத்தாங்க. இவளுக்கு என்ன செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை." என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

உங்கள் அண்ணன் கடலோரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்தை விசாரித்து வந்திருக்கிறார். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். "நீயும் எத்தனை நாள் தாங்குவே? இன்னொண்ணு பெத்துக்கிற வயசுதான் உனக்கு" என்றார். அவர் நல்லவர்தான், இதைச் சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது. அவருக்கு என்ன பதில் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஹேரன் அம்மா


சவூதி
20 செப்டம்பர் 1983

அண்ணனிடம் சொல். என் மகளை எங்கேயும் அனுப்ப மாட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பேச்சு வீட்டில் எழக் கூடாது.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்திலிருந்து உனக்கு நம்பிக்கை இல்லை. பாடுகிறாய், ஆனால் முடியாது என்று நினைத்துக்கொண்டே பாடுகிறாய். பிள்ளைக்கு அது தெரியாதா? உன் பாட்டுக்கு அவள் பதில் சொல்லாததும் என் குரலுக்குச் சொல்வதும் ஏன் என்று யோசித்துப் பார்த்தாயா? நான் நம்பிக்கையோடு பாடுகிறேன். வித்தியாசம் அதுதான்.

நவம்பரில் விடுப்புக் கிடைத்திருக்கிறது. நானே வந்து உட்கார்ந்து பாடுகிறேன். மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டு வை.

பியோங்தே


கிம்ஜே
14 டிசம்பர் 1983

ஹேரன் அப்பாவுக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கம்பெனி அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். விமான நிலையத்துக்கு நான் வராததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

இருவருமே இந்த வீட்டில்தான் இருந்தோம். இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் அங்கே போய் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது.

வந்த அன்றே அவள் முன்னால் உட்கார்ந்து பாடினீர்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முகச்சவரம் செய்துகொண்டு. குளத்தில் கிடந்த குட்டி என்று நிறுத்தினீர்கள். அவள் உங்களைத் தாண்டித் திரும்பி, அலமாரி மேலிருந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்து நிலா என்றாள். குரல் அங்கிருந்துதான் வரும் என்பது அவளுக்குப் பழக்கம். நீங்கள் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். அவள் போய்க் கதவை அடித்தாள். நீங்கள் அவளைத் திருப்பி உட்காரவைத்துச் சத்தமாகப் பாடினீர்கள். "இங்க பாரு. அப்பா இங்க இருக்கேன். என் மூஞ்சியைப் பாரு." அவள் தன் கையைக் கடித்துக்கொண்டாள். நீங்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கியதை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றிய நாட்கள் உண்டு. பாய் நனைந்தது. நீங்கள் வெளியே போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பாடவே இல்லை. அவள் சாப்பிடுவதையும் தூங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். எனக்குக்கூட, மெல்லப் பழகிவிடுவார் என்று தோன்றியது.

நான் மிளகாய் அரைக்க ஆலைக்குப் போன காலையில்தான் நீங்களும் அண்ணனும் அவளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்தபோது வாசலில் அவள் செருப்பு இல்லை. அண்ணி அடுக்களையில் உட்கார்ந்து மேலாடை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதினீர்கள். உண்மைதான். அந்தச் சின்ன டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றிலிருந்து நான் ஒரு நாளும் நம்பியதில்லை. நம்பாமலேதான் தினமும் பாடினேன். நம்பியவர் நீங்கள். பத்து நாளில் கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள்.

இல்லத்துக்குப் போய்க் கேட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டுச் சேர்த்ததால் அழைத்துப்போகவும் அப்பா கையெழுத்து வேண்டுமாம். அதை அனுப்புங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஹேரன் அம்மா


சவூதி
5 பிப்ரவரி 1984

ஹேரன் அம்மாவுக்கு,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அண்ணனிடம் உனக்காகத்தான் செய்கிறேன் என்றேன். அவர் நம்பினார். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. எனக்காகத்தான் செய்தேன். நீ வீட்டில் இருந்தால் விடமாட்டாய் என்று தெரிந்துதான் நீ இல்லாத நேரம் பார்த்தேன்.

நான் இங்கே இருந்தபோது என் மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள், பதில் சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். சாரத்தில் ஏறும்போது இன்றைக்கு இந்நேரம் எந்தப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போடுவேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அந்தப் பிள்ளை அங்கே இல்லை. வேறு ஒரு பிள்ளை இருந்தது. அதன் வாயை நான் துடைக்கப் போனால் அது பயந்தது. உனக்கு அது ஹேரன். எனக்கு ஹேரன் மாதிரி இருக்கும் ஒன்று. இதைப் படித்து நீ என்னை என்ன நினைப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பேருந்தில் என் மடியில்தான் தூங்கிக்கொண்டு வந்தாள். இல்லத்தில் இறக்கியபோது அழவில்லை. அழுதிருந்தால் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவளை வாங்கிக்கொண்ட கன்னியாஸ்திரீ அம்மா, "இவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். பாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன்தான் சொன்னார்.

கையெழுத்துப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ கொஞ்ச நாள் ஓய்வெடு. உன் உடம்பு என்ன ஆகியிருக்கிறது என்று நான் பார்த்தேன். அண்ணன் சொல்வது போல நமக்கு இன்னும் வயது இருக்கிறது.

அவள் அப்பா


கடலோர இல்லம்
20 மே 1984

ஹேரன் அப்பாவுக்கு,

மேலே உள்ளதுதான் இனி என் முகவரி. பிப்ரவரிக்குப் பிறகு உங்களிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் கையெழுத்தும் இல்லை, அது பற்றிய பேச்சும் இல்லை. அதனால் நானே இங்கு வந்துவிட்டேன். சலவையறையில் ஆள் வேண்டும் என்றார்கள். இத்தனை பிள்ளைகள் நனைக்கும் துணிக்கு எத்தனை பேர் இருந்தாலும் போதாது. அடுக்களைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கிம்ஜே வீட்டைக் காலி செய்து சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். சாமான்கள் அவர்கள் கொட்டகையில் இருக்கின்றன. டேப் ரெக்கார்டரும் அங்கேதான்.

ஹேரன் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். மார்ச்சில் நீண்ட வலிப்பு ஒன்று வந்ததாம். நான் இல்லாத நேரம். அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. நடப்பதும் இல்லை. ஜன்னலோரம் சாய்த்து வைக்கிறார்கள். அம்மாமார்கள் நல்லவர்கள், புண் வராமல் புரட்டிப் போடுகிறார்கள். காலையில் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்துப் பாட்டுப் பாடுகிறார்கள். சில பிள்ளைகள் கை தட்டுகின்றன. ஒன்றிரண்டு கூடவே பாடவும் செய்கின்றன. இவள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என்னைத் தெரிகிறதா என்று கேட்பீர்கள். என் கையால் சாப்பிடுகிறாள். மற்றவர்கள் கையாலும் சாப்பிடுகிறாள்.

துணி உலர்த்திவிட்டு மாலையில் அவளிடம் போய் உட்கார்கிறேன். பாடுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். இப்போது எங்கேயும் நிறுத்துவதில்லை. கடைசிச் சொல்லையும் நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை, எனக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பிள்ளை பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லாகப் பேசும்போது நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் ஆகாது.

இங்கே ஆண்களுக்கும் வேலை இருக்கிறது. கொதிகலன் அறைக்கு வெல்டு தெரிந்தவர் வேண்டும் என்று தலைமை அம்மா போன வாரம்கூடச் சொன்னார். உங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. இதை நான் ஒரு தடவைதான் சொல்வேன். வாருங்கள்.

ஹேரன் அம்மா


சவூதி
17 ஜூன் 1984

உன் கடிதம் வரும் முன்பே ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதலாம் என்று இருந்தேன். அது பொய். கடிதம் வந்து ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்த பிறகுதான் போட்டேன்.

இல்லத்துக்கான கையெழுத்தை இத்துடன் அனுப்புகிறேன். இப்போது அதனால் பயன் இல்லை என்று தெரியும்.

தக் ஊருக்குப் போய்விட்டான். அவன் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பூசான் பக்கத்துக்காரர், தச்சு வேலை. என் தலைமாட்டில் ஹேரனின் பழைய படம் ஒட்டியிருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணா? என்ன வயசு?" என்றார்.

"ஏழு. அடுத்த வசந்தத்துல ஸ்கூல்ல சேக்கப்போறோம்."

"நல்லாப் படிக்குமா?"

"எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டாப் போதும். அப்படியே திருப்பிச் சொல்லிருவா. அப்புறம் நம்மளைக் கேள்வி கேட்டே கொன்னுருவா" என்றேன்.

அவர் சிரித்தார். தன் பேரனும் அப்படித்தான் என்றார். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும், இன்றைக்குப் பொண்ணு என்ன கேட்டு எழுதியிருக்கு என்று விசாரிக்கிறார். நானும் ஏதாவது சொல்கிறேன். நேற்றுச் சொன்னதை அடுத்த அறைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்.

பியோங்தே